அண்ணனுக்கு ஐபோன், தம்பிக்கு ஆண்ட்ராய்டு: இந்தச் சண்டை எங்கிருந்து வருகிறது?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். அவர் எழுதியதன் சுருக்கம்: மூத்த மகன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான், தவணையில் ஐபோன் வாங்கியிருக்கிறான். இளையவன் வீட்டில் இருந்து கல்லூரிக்குப் போகிறான், கையில் ஆண்ட்ராய்டு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் ‘உன் போன் குப்பை’ என்று ஆரம்பித்துக் கை கழுவும் வரை ஓய்வதில்லை. யார் சொல்வது சரி, ஒரு போனுக்காக ஏன் இவ்வளவு வெறி, நான் என் பழைய போனை மாற்றப் போகிறேன், எதை வாங்கட்டும்?

புதுச்சேரியில் கீபேட் போன் காலத்தில் இருந்து போன் விற்பதும் பழுது பார்ப்பதுமாக இருப்பவன் நான். இதே சண்டையை என் கடை கவுண்ட்டரில் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் சரி என்பதை முதலிலேயே முடித்துவிடலாம். ஓரளவு நல்ல விலை கொடுத்து வாங்கிய எந்தப் போனும் இன்றைக்கு மோசமில்லை. ஐபோனில் வீடியோ நன்றாக வரும், விற்கப் போனாலும் நல்ல விலை போகும். ஆண்ட்ராய்டில் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கும், நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தனித்தனியாகக் கேட்டால் உங்கள் மகன்கள் இருவருமே இதை ஒத்துக்கொள்வார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் மாட்டார்கள். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது.

கம்பெனிகளில் இருந்து தொடங்குகிறேன். 2007 ஜனவரியில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டியபோது, கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் அதே மேடைக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் அப்போது ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். கூகுளோ 2005-லேயே ஆண்ட்ராய்டு என்ற சின்ன கம்பெனியை வாங்கி வைத்திருந்தது. 2008-ல் எச்.டி.சி. செய்த முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது, 2009-ல் ஷ்மிட் ஆப்பிள் குழுவை விட்டு விலகினார். ஆண்ட்ராய்டு திருட்டுச் சரக்கு என்பதுதான் ஜாப்ஸின் கட்சி. 2011-ல் ஆப்பிள் சாம்சங் மீது வழக்குப் போட்டது. 2012-ல் கலிபோர்னியா ஜூரி 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அப்பீல், மறுவிசாரணை என்று இழுத்து, 2018-ல்தான் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள்.

இது வெளியே தெரிந்த சண்டை. உள்ளே நடந்தது வேறு. முதல் ஐபோனின் சிப்பைச் செய்து கொடுத்ததே சாம்சங்தான். வழக்கு நடந்துகொண்டிருந்த 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் டிஸ்ப்ளேயும் சாம்சங் கொடுத்தது. ஐபோனில் கூகுள் தேடல் முதலில் நிற்பதற்காக 2022 என்ற ஒரே வருஷத்தில் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் கூகுள் மீது நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. உங்கள் பையன்கள் சாம்பார் ஆறுவது தெரியாமல் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கம்பெனிகள் ஒருவருக்கொருவர் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன.

ரசிகர்களைச் சண்டைக்கு மூட்டிவிடுவதில் மட்டும் அவர்களுக்குள் போட்டி உண்டு. 2011-ல் ஐபோனுக்காக வரிசையில் நிற்பவர்களைக் கிண்டலடித்து சாம்சங் விளம்பரம் எடுத்தது. 2016-ல் ஆப்பிள் ஹெட்போன் ஓட்டையை எடுத்தபோது சிரித்தது, 2019-ல் தன் நோட் 10-ல் தானும் எடுத்தது. 2020-ல் ஆப்பிள் பெட்டியில் சார்ஜர் வைக்காதபோது மறுபடி சிரித்தது, சில மாதத்தில் தன் எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. அந்தக் கிண்டலைப் பகிர்ந்து நண்பர்களோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

சரி, கம்பெனி தூண்டுகிறது, மனுஷன் ஏன் தூண்டப்படுகிறான்? ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் ஒரு சோதனை செய்தார். சில பெண்களிடம் வீட்டு உபயோகப் பொருட்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவர்கள் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போட்ட இரண்டு பொருட்களைக் காட்டி, ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தேர்ந்தெடுத்த பிறகு மறுபடி மதிப்பெண் போடச் சொன்னால், எடுத்த பொருளுக்கு ஏறியிருந்தது, விட்ட பொருளுக்கு இறங்கியிருந்தது. பொருள் அதேதான். எடுத்து முடித்ததும் மனசு தன் பக்கத்துக்கு வக்கீல் வைத்துக்கொண்டது. இலவசமாகக் கிடைத்த பொருளுக்கே இந்தக் கதி என்றால், மாதாமாதம் சம்பளத்தில் தவணை பிடிபடும் போனுக்கு எப்படி இருக்கும்? தவணை தேதி நெருங்க நெருங்க உங்கள் மூத்தவனுக்கு ஐபோனின் அருமை கூடித்தான் போகும். இளையவனுக்கும் ஒரு வக்கீல் உண்டு, அவர் வாதம் ‘உன் ஒரு போன் விலைக்கு நான் மூன்று போன் வாங்குவேன்’. வாங்க முடியாததை வேண்டாததாக மாற்றிக்கொள்ளும் வாதம். அதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

இன்னொரு சோதனையும் சொல்லியாக வேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்களே தவிர, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். அணியில் வேறு யார் யார் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. காசாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பங்கிடச் சொன்னபோது தன் அணிக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் அணிக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர் அணியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பங்கிட்டவர்களும் உண்டு. ‘எனக்கு நஷ்டம் ஆனாலும் அவன் போன் ஹேங் ஆகணும்’ என்பதன் வேர் அங்கேதான்.

ஆனால் அமெரிக்காவில் நடக்கும் சண்டையை அப்படியே தூக்கி வந்து நம் ஊரில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே காரணம் மெசேஜ். 2011-ல் வந்த ஐமெசேஜில் ஐபோன்காரர் அனுப்புவது நீலக் குமிழியாகவும், ஆண்ட்ராய்டுக்காரரோடு பேசுவது பச்சைக் குமிழியாகவும் தெரியும். நண்பர்கள் கூட்டத்தில் ஒருவன் பச்சை என்றால் படம் மங்கும், குழு உடையும். பள்ளிப் பிள்ளைகள் அவனைச் சேர்க்கமாட்டார்கள். இதை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013-ல் ஆப்பிளுக்குள் பேச்சு வந்தபோது, கொடுத்தால் ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தந்துவிடுவார்கள் என்று அதன் மேலதிகாரி ஒருவரே மின்னஞ்சலில் எழுதினார். 2021-ல் எபிக் கேம்ஸ் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் அந்த மின்னஞ்சல் வெளியே வந்தது. 2022-ல் ஒருவர் ஆப்பிளின் அப்போதைய தலைவர் டிம் குக்கிடம், என் அம்மாவுக்கு நான் அனுப்பும் வீடியோ சரியாகப் போவதில்லை என்று குறைப்பட்டபோது, அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் அவர். 2024-ல் இரண்டு வகைப் போனுக்கும் பொதுவான ஆர்.சி.எஸ். என்ற மெசேஜ் வசதியை ஐபோனில் சேர்த்த பிறகுதான் அந்தச் சுவர் கொஞ்சம் இடிந்தது.

நம் பக்கத்தில் அந்தச் சுவர் எழும்பவே இல்லை. எல்லாரும் வாட்ஸ்அப். முத்தியால்பேட்டையில் இருக்கும் அத்தைக்கும் பாரிசில் இருக்கும் அவர் மகனுக்கும் ஒரே பச்சை. புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களுக்குப் பிரான்சில் யாராவது இருக்கிறார்கள், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னிடம் ஐமெசேஜ் பற்றிக் கேட்டதில்லை. அப்படியிருந்தும் இங்கே சண்டை நடக்கிறது என்றால் காரணம் வேறு.

அது விலை. 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி போன் 31,000 ரூபாய். அமெரிக்காவில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு 199 டாலருக்குக் கொடுத்த அதே போன். அங்கே விலையை மாதாந்திர பில்லுக்குள் ஒளித்துவைத்தார்கள், இங்கே முழுப் பணத்தையும் கையில் கேட்டார்கள். அதனால் அமெரிக்காவில் நடுத்தர வர்க்கத்துப் போனாக நுழைந்த ஐபோன் நமக்குப் பணக்காரப் போனாகத்தான் அறிமுகம் ஆனது. ஆண்ட்ராய்டு எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தது. 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் சுமார் 6,400 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு ஒன் போனை இறக்கின. 2016-ல் ஜியோ வந்ததும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்ற நிலை இறுகிவிட்டது. ஆகவே இங்கே ஐபோனா ஆண்ட்ராய்டா என்று கேட்டால், அதற்குள் உன் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி மறைந்திருக்கிறது. கவர் வாங்க வருகிறவர்கள் பின்பக்க ஆப்பிள் படம் தெரிகிற மாதிரி வட்டமாக வெட்டிய கவர்தான் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். வேறு எந்தப் போன்காரரும் கவரில் ஓட்டை கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்கச் சுவர் இங்கேயும் உண்டு, அது ஏர்டிராப். ராக் பீச்சில் நாலு பேர் படம் எடுக்கிறார்கள். மூன்று ஐபோன்காரர்கள் தங்களுக்குள் நொடியில் மாற்றிக்கொள்வார்கள், நாலாவது பையனுக்கு ‘வாட்ஸ்அப்ல போடுறேன்டா’. அது மங்கிப்போய் வரும். அவன் அன்றைக்கு ராத்திரியே கடைக்கு வந்து பழைய ஐபோன் என்ன விலை என்று கேட்பான். இதற்கு நான் சொல்லும் வைத்தியம் எளிது: வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல், ஒரிஜினல் அப்படியே வரும். 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 போனை ஏர்டிராப்போடு பேசவும் வைத்துவிட்டது. எல்லா ஆண்ட்ராய்டுக்கும் வந்தால் பாதிச் சண்டை தீரும்.

இரண்டு பக்கத்து கோஷங்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். மூத்தவன் ‘பாதுகாப்பு, அந்தரங்கம்’ என்பான். ஆப்பிள் அதில் மெனக்கெடுவது உண்மை. ஆனால் யாரிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்கிறதோ அந்த கூகுளிடமே தேடல் பணத்தை வாங்கிக்கொள்கிறது. பழைய ஐபோன்களின் வேகத்தைப் பேட்டரிக்காகக் குறைத்ததை, வெளியாட்கள் கண்டுபிடித்த பிறகுதான் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. இளையவன் ‘சுதந்திரம்’ என்பான். அந்தச் சுதந்திரத்தின் லட்சணத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு விதித்த அபராதம் 1,337.76 கோடி ரூபாய். போன் கம்பெனிகள் கூகுளின் ஆப்களை மொத்தமாக ஏற்றியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது குற்றச்சாட்டுகளில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023-ல் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

ரசிகர்களின் விசுவாசம் ஒரு போனைக் காப்பாற்றுமா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை. இன்றைய ஐபோன் ரசிகர்களைவிட வெறியான கூட்டம் பிளாக்பெரிக்கு இருந்தது. அதன் மெசேஜ் வசதியான பி.பி.எம்.மில் தங்களைச் சேர்த்துக்கொள்வதற்கான பின் நம்பரை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பி.பி.எம். வேறு போன்களில் வராது என்பதே அவர்களுக்குப் பெருமை. 2013 அக்டோபரில் கம்பெனி மனம் மாறி அதை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் திறந்துவிட்டபோது ஊரே வாட்ஸ்அப்பில் குடியேறி முடித்திருந்தது. 2019 மே மாதம் பி.பி.எம். மூடப்பட்டது.

நோக்கியா இன்னும் நெருக்கமான கதை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஆலை தொடங்கியபோது அது நம் வீட்டுப் பிராண்டு ஆகிவிட்டது, அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் நம் பக்கத்து ஊர்களிலும் உண்டு. 2011-ல் நோக்கியா தன் சிம்பியன் மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் பக்கம் போனது. 2014 நவம்பரில் அந்த ஆலையும் நின்றது. அந்த விண்டோஸ் போனான லூமியாவை வாங்கியவர்கள் சாதாரண விசுவாசிகள் இல்லை. லாஸ்பேட்டையில் இருந்து ஒரு வாத்தியார் வருவார். அவர் லூமியாவில் ஒரு கீறல் கிடையாது, கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் கேட்பது ஒரே கேள்வி: ‘என் பேங்க் ஆப் இதுக்கு எப்பப்பா வரும்?’ வரவே இல்லை. ஆள் குறைவு என்று ஆப் செய்கிறவர்கள் ஒதுங்கினார்கள், ஆப் இல்லை என்று ஆட்கள் குறைந்தார்கள். 2019 டிசம்பர் 31-ஓடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றது. அதற்கு முன்பே வந்து ஒரு ஆண்ட்ராய்டு வாங்கிக்கொண்டார். பழசை விற்கவில்லை, அதற்கு விலையும் இல்லை.

அப்படியானால் இன்றைக்கு ஐபோன்காரர் திரும்பத் திரும்ப ஐபோனே வாங்குவது எதனால்? விசுவாசம் என்று நாம் பேர் வைத்திருப்பதில் பெரும்பகுதி வெளியேறும் செலவு என்பது என் எண்ணம். இதைக் கவுண்ட்டரில் நேரில் பார்க்கலாம். ஒருவர் ஐபோனை விட்டு வர நினைக்கிறார். கையில் ஆப்பிள் வாட்ச், அது ஆண்ட்ராய்டோடு சேராது. படங்கள் ஐகிளவுடில், இறக்கி ஏற்ற ஒரு நாள் ஆகும். நோட்ஸ், பாஸ்வேர்டு எல்லாம் உள்ளே. ‘வேண்டாம்பா, புது ஐபோனே காட்டு’ என்று முடித்துவிடுவார். வீட்டுக்குப் போய் ஐபோன் மாதிரி வருமா என்பார். அந்தப் பக்கமும் இப்படித்தான். நில புரோக்கர், லாரி புக்கிங், சீட்டு பிடிப்பவர் இவர்களை ஐபோனுக்கு மாற்றவே முடியாது, காரணம் கால் ரெக்கார்டிங். ஆண்ட்ராய்டில் பல கம்பெனி போன்களில் சத்தமில்லாமல் பதிவாகும். ஐபோனில் 2024-ல்தான் அந்த வசதி வந்தது, அதுவும் எதிராளிக்கு அறிவித்துவிட்டுத்தான் பதிவு செய்யும். ‘அறிவிச்சுட்டு ரெக்கார்டு பண்ணா எவன் சார் உண்மை பேசுவான்’ என்றார் ஒரு புரோக்கர். சட்டம், நியாயம் எல்லாம் வேறு விஷயம், போன் தேர்வு இப்படித்தான் நடக்கிறது.

இனி உங்கள் போன். உங்களுக்கு கேமரா போட்டியோ கேமோ தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் முதலில் கேட்பது, கோளாறு வந்தால் வீட்டில் யார் சரிசெய்து தருவார்கள் என்பதுதான். மூத்தவன் வாரம் ஒருமுறை வருகிறான், கூட இருப்பவன் இளையவன். அவன் கையில் இருக்கும் வகையையே வாங்குங்கள், அதாவது ஆண்ட்ராய்டு. தமிழில் எழுதுவதற்கு இப்போது இரண்டும் ஒன்றுதான். ஐபோனில் 2013-லேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் வந்துவிட்டன, ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் 2017-ல் இருந்து தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும். உங்கள் வயசுக்காரர்கள் பேசித்தான் அனுப்புகிறார்கள்.

எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசை போன்களுக்கு ஏழு வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள், விலை குறைந்த போன்களில் இது மாடலுக்கு மாடல் மாறும். ஐபோன் இந்த விஷயத்தில் ஆரம்பத்தில் இருந்தே நல்ல பேர் வாங்கியது. 2018-ல் வந்த எக்ஸ்ஆருக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் வரை கிடைத்தது. நாளைக்கு மூத்தவன் புதுசு வாங்கித் தன் பழைய ஐபோனை உங்களுக்குத் தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரியை மட்டும் மாற்றிவிடுங்கள். வெளிக்கடையில் மாற்றினால் ‘தெரியாத பாகம்’ என்று ஒரு அறிவிப்பு வரலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கடலோரத்து ஆட்களுக்கு ஒன்று. தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை, கடல் தண்ணீருக்குப் பொருந்தாது. தண்ணீர் புகுந்தால் பொதுவாக வாரண்டியும் கிடையாது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோய் நனைத்த போன்களைத் திறந்தால் சார்ஜிங் பின் பச்சை பூத்து நிற்கும், லட்ச ரூபாய் போனிலும் அதே பச்சைதான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் மலிவாக ஐபோன் வாங்கி வருகிறேன் என்றால் யோசியுங்கள். ஐபோன் 14-ல் இருந்து அங்கே விற்பதில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். பிரான்சில் இருந்து வருவதில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கடைக்குப் போனாலும், கிளம்பும் முன் பழைய போனில் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்துவிடுங்கள், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இளையவனைக் கேட்டால் அவனுக்குத் தெரிந்திருக்கும். முதல் போனில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவன் அவனாகத்தான் இருப்பான்.